ஒரு முகம் தள்ளி

என் கணவர் பள்ளிக்கூடங்களுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர். கல்யாணம், வளைகாப்பு என்று யார் கூப்பிட்டாலும் போகமாட்டார். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அடையாள அட்டைக்கான படங்கள், ஜனவரியில் வகுப்பு குரூப் போட்டோ, நடுவில் ஆண்டு விழாக்கள். இருபது வருஷமாக இதுதான் அவர் பிழைப்பு. பெங்களூர் பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி, சுவரில் மடித்துத் தொங்கும் நீலத் துணி.

அந்தத் தொழிலில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. பள்ளிகள் அனுப்பும் பட்டியலை எக்ஸலில் ஏற்றுவது என் வேலை. பிள்ளையின் பெயர், வகுப்பு, சேர்க்கை எண், அப்பாவின் போன் நம்பர், ரத்த வகை. பெயர்கள் என் பக்கம், முகங்கள் அவர் பக்கம். அவர் ஒவ்வொரு படமாகத் திறந்து, தோள் வரைக்கும் வெட்டி, கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, சேர்க்கை எண்ணைப் பெயராகப் போட்டுச் சேமிப்பார். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிஷம் ஆகும். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அவர் முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அவர் போனது ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காபி குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்றார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். டிபனுக்குக் கூப்பிடப் போனபோது எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உயிர் போனதை உறுதி மட்டும் செய்தார்கள். மாரடைப்பு என்றார்கள். நாற்பத்தேழு வயது. தூக்கத்திலேயே போய்விட்டார், கஷ்டப்படவில்லை என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் அதைத் திருப்பித் திருப்பி எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் முடிந்து உறவுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். மகள் ஒன்பதாம் வகுப்பு. அவளும் பள்ளிக்குப் போகத் தொடங்கினாள். அதற்குப் பிறகுதான் போன்கள் வர ஆரம்பித்தன. அந்த வருஷம் எட்டுப் பள்ளிகள் எடுத்திருந்தார். மூன்று பள்ளிகளுக்கு அட்டைகள் போய்ச் சேர்ந்திருந்தன. மற்ற ஐந்திலும் படம் எடுத்து முடித்து, வகுப்பு வாரியாகப் பிரித்துக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தார். அதோடு நின்றுபோயிருந்தது. சந்தாபுரா பக்கத்துப் பள்ளியின் ஆபீஸ் கிளார்க் மட்டும், விஷயம் கேள்விப்பட்டு, அவசரமில்லை மேடம் என்றார். ஆனால் அட்டை இல்லாத பிள்ளைகளைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றுவதில் தினமும் தகராறு நடக்கிறது என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் எங்கள் ஊர்ப்பக்கத்துத் தமிழர், பல வருஷமாக அங்கேயே இருப்பவர். என் கணவருக்கு நல்ல பழக்கம்.

வேறு ஸ்டூடியோவிடம் கொடுத்துவிடு என்று என் அண்ணன் சொன்னான். எனக்கு மனம் வரவில்லை. அவர் எடுத்த படங்கள், என் பட்டியல். வெட்டிச் சேர்க்கும் வேலைதானே என்று நினைத்தேன்.

அடுத்த நாள் மகளை அனுப்பிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் படத்தைத் திறந்தேன். முன்பல் விழுந்த ஒரு பையன் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தான். கேமராவைப் பார்த்து அல்ல, அதற்குக் கொஞ்சம் மேலே பார்த்து. அடுத்து ஒரு பெண் குழந்தை, அதே இடத்தைப் பார்த்து. பிள்ளைகளைச் சிரிக்க வைக்க அவர் ஏதோ ஒரு வார்த்தை சொல்வார் என்று தெரியும். என்ன வார்த்தை என்று நான் கேட்டதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பதினொரு படம் முடித்தேன். பன்னிரண்டாவதில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பாக்கி இருந்தது நாலாயிரத்துக்கு மேல்.

மேல் வீட்டில் கரூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி குடியிருந்தாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை. புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்தே வேலை செய்வாள். அவளுக்கு வந்த பார்சலை நான் வாங்கி வைத்திருந்தேன், அதை எடுக்க வந்தவள் திரையைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இத ஒவ்வொன்னாவாக்கா பண்றீங்க?"

ஆமாம் என்றேன். எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி வேலை என்றால் அதை ஒரு முறை எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், கம்ப்யூட்டரே வரிசையாகச் செய்துவிடும் என்றாள். முகம் எங்கே இருக்கிறது என்று தானே கண்டுபிடித்து வெட்டும். என் எக்ஸல் பட்டியலைப் படித்துப் பெயரும் வைக்கும். அதற்குப் பெயர் ஸ்கிரிப்ட். தானே எழுதித் தருவதாகச் சொன்னாள். எனக்குச் சொல்லிக் கொடு, நான் எழுதுகிறேன் என்றேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்குத் தெரியாது. அந்த மத்தியான நேரங்களைக் கடத்த ஏதாவது வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

மூன்று வாரம் ஆயிற்று. புதன், வெள்ளி அவள் சாப்பாட்டு நேரத்தில் கீழே வருவாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டே சொல்லித் தருவாள். மற்ற நாட்களில் நான் தனியாக முட்டிமோதுவேன். முதல் பாடம், அசல் படங்களைத் தொடவே கூடாது, நகல் எடுத்து அதில்தான் எதையும் செய்ய வேண்டும். அதை நீள நோட்டில் முதல் வரியாக எழுதிக்கொண்டேன். அதற்கப்புறம், ஒரு வரி உள்ளே தள்ளி ஆரம்பிக்க வேண்டுமென்றால் சரியாக அத்தனை இடைவெளிதான் விட வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஓடாது, சிவப்பு எழுத்தில் திட்டும். முதல் வாரம் முழுக்கத் திட்டு வாங்கினேன். அந்த ஆங்கில வாக்கியங்களில் பாதி புரியாது. புரியாததை எழுதி வைத்துப் புதன்கிழமை அவளிடம் காட்டுவேன்.

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்தது எண்ணும் முறை. வரிசையில் முதலில் நிற்பவனைக் கம்ப்யூட்டர் ஒன்று என்று எண்ணாது. பூஜ்யம் என்று எண்ணும். இரண்டாமவன்தான் ஒன்று. "நமக்கு முதல் ஆள், அதுக்குப் பூஜ்யம்க்கா. இத மட்டும் மறந்துராதீங்க" என்று அவள் நாலைந்து தடவை சொன்னாள்.

பதினைந்து வருஷமாகப் பட்டியல் தட்டிக்கொண்டிருந்த எனக்கு, பட்டியலை எடுத்துக்கொண்டு போய் வேலை வாங்கலாம் என்பதே புதிதாக இருந்தது. ஒரு மத்தியானம் ஐந்து படங்கள் ஐந்தும் ஒரே அளவில் வெட்டுப்பட்டு, கண்கள் ஒரே கோட்டில் நிற்க, ஒவ்வொன்றின் அடியிலும் சேர்க்கை எண்ணோடு வந்து விழுந்தன. அவர் போனபின் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தேன். உடனே யாரோ பார்த்துவிட்டதுபோல் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

அவளிடம் சொல்லாத ஒன்று இருந்தது. ஸ்கிரிப்ட் எனக்குப் பிடித்துப்போனது அது வேகமாக வேலை செய்ததால் அல்ல. படங்களை நான் திறந்து பார்க்க வேண்டியதில்லை என்பதால். போல்டரின் பெயரைக் கொடுத்தால் போதும். அவரைப் பார்த்துச் சிரித்த அத்தனை முகங்களும் எனக்குத் தெரியாமல் உள்ளே போய் வெளியே வந்துவிடும்.

ஏற்கெனவே அவர் வேலையை முடித்திருந்த பள்ளி ஒன்றின் வகுப்புகளை வைத்துச் சோதித்துப் பார்த்தோம். எல்லாம் சரியாக வந்தது. ஆகஸ்ட் கடைசியில் சந்தாபுரா பள்ளியின் போல்டரைக் கொடுத்து ஓட்டினேன். எல்.கே.ஜி. முதல் பத்தாவது வரை இருபத்தாறு செக்ஷன். துணி உலர்த்த மாடிக்குப் போய்விட்டு வந்தேன், முடிந்திருந்தது. பட்டியலில் எத்தனை பெயரோ அத்தனை படம். ஒன்று கூடவில்லை, குறையவில்லை.

"செக்ஷனுக்கு ஒன்னாவது திறந்து பாத்தீங்களாக்கா?" என்று மாடியிலிருந்து வந்தவள் கேட்டாள்.

பார்த்தேன் என்றேன். பார்க்கவில்லை.

அட்டை அச்சடிப்பவரிடம் பென் டிரைவைக் கொடுத்தேன். அட்டைகள் நேராகப் பள்ளிக்குப் போயின. மறுநாள் பத்தரை மணிக்குக் கிளார்க் போன் செய்தார். "மேடம், முகமெல்லாம் மாறிப்போயிருக்கு. ஸ்வல்ப வந்துட்டுப் போக முடியுமா?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

ஓசூர் ரோட்டில் பஸ் பிடித்துப் போனேன். ஆபீஸ் அறையில் அட்டைகளைக் கட்டுக்கட்டாக ரப்பர் போட்டு வைத்திருந்தார். ஒன்றை எடுத்து நீட்டினார். பெயர் ஒரு பெண் குழந்தையுடையது, முகம் ஒரு பையனுடையது. அந்தப் பையனின் பெயர் இருந்த அட்டையில் அவனுக்கு முந்தைய பிள்ளையின் முகம். ஒரு வகுப்பு முழுக்க ஒவ்வொருவரும் ஒரு முகம் தள்ளி நின்றார்கள். எல்லா வகுப்பிலும் அப்படியே. என் பட்டியலில் ஏதோ வரி விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

அப்போது அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்தார்.

"இதுங்கள மட்டும் பசங்க கைக்குப் போகாம எடுத்து வெச்சுட்டேன் மேடம்."

கவருக்குள் இருபத்தாறு அட்டைகள். இருபத்தாறிலும் என் கணவர்.

ஒவ்வொரு வகுப்பறையிலும் விளக்கை நிறுத்தியபின், பிள்ளைகளை வரிசையில் விடுவதற்கு முன்னால், அவரே ஸ்டூலில் உட்கார்ந்து வகுப்பின் பெயர் எழுதிய தாளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ரிமோட்டை அமுக்கி ஒரு படம் எடுப்பாராம். வெளிச்சம் சரியா என்று பார்க்கவும் அது உதவும், எந்த வகுப்பு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவும் உதவும். பிறகு வீட்டில் வேலை செய்யும்போது அந்த முதல் படத்தை அழித்துவிடுவார். இத்தனை வருஷத்தில் எனக்கு அது தெரியாது. கிளார்க் சொல்லித்தான் தெரிந்தது. நாங்கள் சோதித்துப் பார்த்த வகுப்புகள் அவர் முடித்து வைத்தவை, அதனால் அவற்றில் அந்தப் படங்கள் இல்லை. இங்கே இருந்தன. ஸ்கிரிப்ட் பட்டியலின் முதல் பெயரை எடுத்தது, போல்டரின் முதல் முகத்தை எடுத்தது, இரண்டையும் சேர்த்தது. கடைசிப் பிள்ளையின் முகம் ஒவ்வொரு வகுப்பிலும் பெயரில்லாமல் வெளியே நின்றுவிட்டது. பட்டியல் தீர்ந்ததும் ஸ்கிரிப்ட் நின்றுகொண்டது, அதனால் கணக்கு மட்டும் பிசகாமல் இருந்தது.

எல்.கே.ஜி. அட்டையில் அவர் முகத்துக்குக் கீழே நாலு வயதுப் பெண் குழந்தையின் பெயர், அவளுடைய அப்பாவின் போன் நம்பர், ஓ பாசிட்டிவ். தாளின் மேல் விளிம்பு மட்டும் தாடைக்கு அடியில் வெள்ளையாகத் தெரிந்தது. நான் எல்லாவற்றையும் கவருக்குள் திரும்பப் போட்டேன். ஒரு வாரத்தில் சரிசெய்து தருகிறேன் என்றேன். கிளார்க் ஏதோ சொல்ல வாய் திறந்தார். பிறகு எழுந்து போய்த் தானே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை மேல் வீட்டுப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன், படங்களைத் திறந்து பார்க்கவில்லை என்பது உட்பட. அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தான் பார்த்திருக்க வேண்டும் என்று தன்னையே நொந்துகொண்டாள். மாற்ற வேண்டியது ஒரே ஒரு எண். படங்களைப் பூஜ்யத்திலிருந்து எடுக்காமல் ஒன்றிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும். அதாவது முதலில் இருப்பவரை விட்டுவிடச் சொல்ல வேண்டும். என் கை விசைப்பலகை மேலேயே இருந்தது.

"நான் வேணா அடிக்கட்டுமாக்கா?"

வேண்டாம் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, விட்டுவிட வேண்டியதில்லை, அந்த முதல் படத்தையும் அதே அளவில் வெட்டித் தனியாக ஒரு போல்டரில் போடச் சொல்லலாம் என்றாள். இரண்டு வரி கூடுதலாக எழுத வேண்டும். போல்டருக்கு என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டாள். "அவர்" என்றேன். ஆங்கில எழுத்தில் அப்படியே அடித்தாள்.

ஐந்து பள்ளிகளுக்கும் ஓட்டினேன். இந்த முறை ஒவ்வொரு படமாகத் திறந்து, வகுப்பு ஆசிரியர்கள் அனுப்பிய பழைய அட்டைகளோடு வைத்துப் பார்த்தேன். நாலு நாள் பிடித்தது. அந்தச் சிரிப்புகளையெல்லாம் பார்த்துத்தான் ஆக வேண்டியிருந்தது. பார்த்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம், மகள் பள்ளியிலிருந்து வர இரண்டு மணி நேரம் இருந்தபோது, அவருடைய போல்டரைத் திறந்தேன். நூற்றுப் பதினெட்டுப் படங்கள், எடுத்த தேதியும் நேரமும் வரிசையாக. முதல் படத்தைப் பெரிதாக்கி, அம்புக்குறி விசையை அமுக்கிக்கொண்டே போனேன்.

ஜூன் முதல் வாரம். முடி வெட்டிக்கொண்டு புதிதாக இருந்தார். உதட்டோரத்தில் சிரிப்பு, யாரோ பிள்ளைகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்க வேண்டும். அமுக்கினேன். அமுக்கினேன். எல்லாம் ஒரே அளவு, கண்கள் ஒரே உயரம், பின்னால் ஒரே நீலம். அதனால் மாறியது எதுவோ அது மட்டும்தான் கண்ணில் பட்டது. ஜூன் நடுவில் கண்ணுக்குக் கீழே கருப்பு இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு கன்னம். பிறகு நெற்றியில் ஈரம், ஒரு படத்தில் மட்டும் அல்ல, எல்லாப் படத்திலும். கடைசிப் பள்ளிக்கு வந்தபோது உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகி நின்றது. தினமும் நான் பார்த்த முகம். காலையில் காபி கொடுத்து, ராத்திரி சாதம் போட்ட முகம். ஒரே ஒரு தடவை, என்ன இப்படி வாடிப்போயிட்டீங்க என்று கேட்டேன். வெயில் என்றார். அந்த ஜூன் மாதம் பெங்களூரில் மழைதான் பெய்துகொண்டிருந்தது.

அன்றைக்குக் கிளார்க் ஏதோ சொல்ல வாய் திறந்தது ஞாபகம் வர, சந்தாபுரா பள்ளிப் படங்களுக்குத் திரும்பிப் போனேன். அங்கே எடுத்த மூன்று நாட்களில், இரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஒரு படம். அடுத்த படம் மத்தியானம் இரண்டரைக்கு. மற்ற நாட்களில் அரை மணிக்கு ஒரு வகுப்பு முடித்திருந்தார். அந்த இரண்டரை மணிப் படத்தில் அவர் முகம் என்னவோபோல் இருந்தது. வெட்டாத அசல் படத்தைத் திறந்தேன். ஏழாம் வகுப்பு சி என்று எழுதிய தாளைப் பிடித்திருந்தார். காலையில் மணிக்கட்டு வரை இருந்த முழுக்கைச் சட்டை, இப்போது மடித்து விடப்பட்டிருந்தது. வலது முழங்கையின் மடிப்பில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

திருத்திய அட்டைகளை நானே கொண்டுபோனேன். கிளார்க் ஒவ்வொரு கட்டாக எண்ணி வாங்கி வைத்தார். எல்லாம் முடிந்தபின் போனில் அந்தப் படத்தை எடுத்துக் காட்டி, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் படத்தைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"லைட் ஸ்டாண்டைத் தூக்கிட்டு மூணாவது மாடி ஏறினாரு மேடம். மேல வந்ததும் படியிலேயே உக்காந்துட்டாரு. வேர்வைன்னா அப்படி வேர்வை. நான்தான் என் வண்டியில கூட்டிட்டுப் போனேன், எதிர்லயே ஒரு கிளினிக். ஈசிஜி எடுத்தாங்க, பிளட் எடுத்தாங்க. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னாரு. எங்கேயும் நிக்காம போங்கன்னு ரெண்டு வாட்டி சொன்னாரு."

"போகலையா?"

"வெளிய வந்ததும், இன்னும் பாதி ஸ்கூல் பாக்கி இருக்கு, இந்த மாசம் முடியட்டும்னாரு. நான் எவ்வளவோ சொன்னேன். வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க, பயந்துருவாங்கன்னு என் கையைப் புடிச்சுக் கேட்டுக்கிட்டாரு. உங்க நம்பர் என்கிட்ட இருந்துச்சு மேடம். பதினோரு நாள் இருந்துச்சு."

கிளினிக்குக்குப் போன நாளிலிருந்து என் கணவர் இறந்த ஞாயிறு வரை பதினோரு நாள் என்று அவர் எண்ணி வைத்திருந்தார். நான் அதற்கு முன் எண்ணிப் பார்த்ததில்லை.

பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் அதற்காகத்தான் காத்திருந்தார் என்று பார்த்தாலே தெரிந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார முடியவில்லை. ஹெப்பகோடியில் இறங்கி நிழற்குடையில் உட்கார்ந்தேன். எத்தனையோ பஸ் வந்து போயிற்று. முதலில் கிளார்க் மேல் கோபம் வந்தது. ஒரு போன், ஒரே ஒரு போன். பிறகு அவர் மேல் வந்தது. இறந்தவர் மேல் கோபப்படுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. தூக்கத்தில் போனார், கஷ்டப்படவில்லை என்று இனி நான் எனக்கே சொல்லிக்கொள்ள முடியாது. பதினோரு நாள் அவர் அந்த டாக்டர் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியேறி இறங்கியிருக்கிறார்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. மற்ற நாலு பள்ளிகளின் வேலையையும் முடித்துக் கொடுத்தேன். எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்காரர் ஒருவர் கேள்விப்பட்டுத் தன் பள்ளிப் படங்களையும் கொண்டுவந்தார். ஸ்கிரிப்டில் இன்னும் சில வரிகள் சேர்த்தேன். பெயர்களும் படங்களும் எண்ணிக்கையில் ஒத்துப்போகவில்லை என்றால் நின்று என்னைக் கேட்கும்படி செய்தேன். மேல் வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, தன் ஆபீஸில் உட்கார வைக்கலாம் போலிருக்கிறது என்றாள். பகல்கள் ஒருவிதமாகப் போயின.

தசரா விடுமுறையில் ஒருநாள் காலை, மகள் தன் புராஜெக்டுக்குப் படம் தேடக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். முன்னறையில் சத்தமே இல்லாமல் போனதைக் கவனித்து எட்டிப் பார்த்தேன். அவருடைய போல்டரைத் திறந்து வைத்திருந்தாள். அம்புக்குறி விசையை அமுக்கிக்கொண்டிருந்தாள். அதன் பக்கத்திலேயே நான் அந்த அசல் படத்தையும் நகலெடுத்து வைத்திருந்தேன். முட்டாள்தனம். அங்கே வந்து நின்றிருந்தாள்.

அவளுக்கு எப்படியும் ஒருநாள் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அது பிளட் டெஸ்ட் எடுத்தபோது போட்டது என்று தொடங்கினேன்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள்.

அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் வாஷ்பேசின் பக்கத்தில் நின்று பிளாஸ்திரியைப் பிய்த்துக்கொண்டிருந்தாராம். இவள் பார்த்துவிட்டாள். கேட்டதற்கு, ஸ்கூலில் ரத்ததான முகாம் நடந்தது, நானும் கொடுத்தேன் என்றாராம். அம்மாவிடம் சொல்லாதே, வெயிலில் அலைகிற நேரத்தில் எதற்கு என்று திட்டுவாள் என்றாராம். பையிலிருந்து ஒரு மாம்பழ ஜூஸ் பாக்கெட்டை எடுத்து, ரத்தம் கொடுத்தவர்களுக்குக் கொடுத்தார்கள், நீ குடி என்று அவளிடம் கொடுத்திருக்கிறார்.

"நான் அத குடிச்சேன்மா. மறுநாள் கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன், எங்கப்பா பிளட் டொனேட் பண்ணாருன்னு."

அவர் போன பிறகு, காரியத்துக்கு வந்த யாரோ மாரடைப்புக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். அப்போதுதான் அவளுக்கு அந்தப் பஞ்சு ஞாபகம் வந்திருக்கிறது. அன்றிலிருந்து மூன்று மாதமாக, அம்மாவிடம் அன்றே சொல்லியிருந்தால் என்று தனியாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பள்ளிக்குப் போனாள், சாப்பிட்டாள், பரீட்சை எழுதினாள். நான் கவனிக்கவில்லை. அந்த வீட்டில் நான் கவனிக்காத இரண்டாவது முகம் அது.

அவளைப் பிடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன். உனக்கு எப்படித் தெரியும், அப்பா சொன்னதை நம்பாமல் யார் சொன்னதை நம்புவாய் என்றேன். உன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. அவள் அழுதாள். அவர் போன அன்றைக்குக் கூட அவள் அப்படி அழவில்லை. பிறகு நான் கிளார்க் சொன்னதை அவளிடம் சொன்னேன். கிளினிக், ஈசிஜி, கையைப் பிடித்துக் கேட்டது, எல்லாம். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள், "அந்த அங்கிளும் யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்லல."

"பாவம்மா அவரு."

அவள் அப்படிச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அந்த வார்த்தை ஒரு மாதமாக வரவில்லை. அன்றைக்கும் உடனே வரவில்லை. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அவளே எழுந்து போய் அணைத்துவிட்டு, இரண்டு தட்டில் தயிர் சாதம் பிசைந்து கொண்டுவந்தாள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று கிளார்க்குக்குப் போன் செய்தேன். என் குரல் கேட்டதும், சொல்லுங்க மேடம் என்றார். அட்டைகளில் வேறு பிழை ஏதும் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். புதிதாக ஒன்பது பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குப் படம் எடுக்க வேண்டும், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறேன் என்றார். நான் வருகிறேன் என்றேன்.

"நீங்களே எடுப்பீங்களா மேடம்?"

"கத்துக்கறேன்."

சரி என்றார். போனை வைக்கப் போனார்.

"உங்க மேல எனக்குக் கோபம் இருந்துச்சுங்க" என்றேன். "இன்னும் கொஞ்சம் இருக்கு. ஆனா அவரு என்கிட்ட அப்படிக் கேட்டிருந்தா நானும் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ."

அந்தப் பக்கம் பிள்ளைகள் மாடியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது. வியாழக்கிழமை பத்து மணிக்கு மேல் வாங்க மேடம், அதற்குள் பிரேயர் முடிந்திருக்கும் என்றார். ரோட்டைத் தோண்டிப் போட்டிருப்பதால் முன் கேட் பூட்டியிருக்கும், பின்பக்கமாக வர வேண்டும் என்று வழியையும் சொன்னார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.